ஃபெரெட்டைப் பட்டினி போட்டுப் பச்சை இறைச்சிக்குப் பழக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்குக் குமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம். வீட்டில் இரண்டு ஃபெரெட் (பார்க்கக் கீரி போல இருக்கும், இறைச்சி தின்னும் சிறு வளர்ப்புப் பிராணி) வளர்க்கிறோம். ஆணுக்கு மூன்றரை வயது, ஒன்றரைக் கிலோ எடை. பெண்ணுக்கு எட்டு மாதம், 700 கிராம். இதுவரை திருவனந்தபுரத்தில் வாங்கிவரும் பூனைக்குட்டித் தீவனம்தான் கொடுத்தோம். வெளிநாட்டில் ஃபெரெட் வளர்க்கும் என் அண்ணன், பச்சை இறைச்சிக்கு மாற்றச் சொல்கிறார். எலும்பில்லாத கோழித் துண்டு போட்டுப் பார்த்தேன். பெண் தின்றது. ஆண் மோந்துவிட்டு சோபாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் ஒளித்துவைத்தது. மறுநாள் எறும்பு மொய்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்கிறார் அண்ணன். செய்யலாமா? கோழிக்குப் பதில் சாளை (மத்தி) மீன் கொடுத்தால் செலவு குறையுமே? பச்சை இறைச்சி தின்றால் வெறி ஏறிக் கடிக்கும் என்று மாமியார் பயப்படுகிறார். வீட்டுக்காரரோ, ரப்பர் ஷீட் அறையில் எலி அதிகம், அங்கே விட்டால் இரைக்கு இரையும் ஆச்சு, எலித்தொல்லையும் தீரும் என்கிறார். வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான்.

பதில்: முதலில் பட்டினி விஷயம். போடாதீர்கள். நாயை ஒரு வேளை காயப்போட்டால் ஒன்றும் ஆகாது. ஃபெரெட்டின் உடம்பு அப்படியில்லை. அதன் குடல் மிகக் குட்டை. பெருங்குடலின் தொடக்கத்தில் நமக்கு இருக்கும் பை போன்ற பகுதிகூட அதற்குக் கிடையாது. தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருப்பது அதற்கு நீண்ட பட்டினி.

உங்கள் ஆணுக்கு மூன்றரை வயது என்பதால் இன்னொரு பயமும் இருக்கிறது. நடுவயது ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலினோமா என்ற கட்டி வருவது சகஜம். அந்தக் கட்டி இன்சுலினைத் தேவைக்கு மேல் சுரந்து ரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், விளையாட்டு குறையும், "வயசாகுது" என்று நாம் விட்டுவிடுவோம். அந்த நிலையில் பட்டினி போட்டால் பின்னங்கால் தள்ளாடி, வாயில் எச்சில் வடிந்து, வாயை முன்னங்காலால் பிறாண்டி, கடைசியில் வலிப்பில் போய் நிற்கும். தீவனத்தில் உள்ள மாவுச்சத்துக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் கால்நடை மருத்துவர்களிடையே நீண்ட நாளாக உண்டு. முழுதாக நிரூபிக்கப்படவில்லை. உங்கள் அண்ணன் இறைச்சிக்கு மாறச் சொல்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அவர் சொல்லும் திசை சரி. வழிதான் தப்பு.

ஆகவே உணவை மாற்றும் முன் ஆணுக்கு ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துவிடுங்கள். மருத்துவர் மேற்பார்வையில் மூன்று நாலு மணி நேரம் மட்டும் தீவனத்தை நிறுத்தி எடுப்பார்கள். அளவு 60க்குக் கீழே வந்தால் கட்டி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு மேலே பார்ப்பார்கள். 60க்கும் 85க்கும் நடுவே என்றால் சந்தேகம், திரும்பவும் பார்க்கவேண்டும். நம் மாவட்டத்தில் ஃபெரெட் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் குறைவு. நாகர்கோவிலில் முடியாவிட்டால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். உங்களுக்குத் திருவனந்தபுரமும் பக்கம்தான். எங்கே போனாலும் முதலில் போனில், "ஃபெரெட் பார்ப்பீர்களா?" என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பயணத்தில் தீவனமும் தண்ணீரும் கூடவே இருக்கட்டும். காரில் ஏசி வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போனாலே ஃபெரெட் வெப்பத் தாக்குதலில் விழக்கூடும். அதற்கு வியர்த்து உடம்பைக் குளிரவைக்கத் தெரியாது.

நான் மேலே சொன்ன தள்ளாட்டம் எப்போதாவது வந்தால் தேனை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். மார்த்தாண்டம் தேனுக்கு உங்கள் ஊரில் பஞ்சமா என்ன! கொஞ்சம் தெளிந்ததும் இறைச்சியோ பழகிய தீவனமோ கொடுத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலிப்பு வரும்போது வாய்க்குள் விரல் விடவேண்டாம். அப்புறம், தேன் முதலுதவிக்கு மட்டும்தான். தினமும் நக்கக் கொடுத்தால் அதுவே கேடு.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்ட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எலும்பில்லாத கோழித் துண்டு போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சை இறைச்சியில் கிருமி இருக்குமோ என்று பயப்படாதவர் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய பயம் இந்த எலும்பில்லாத துண்டில்தான். வெறும் சதையில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச்சத்து மிகக் கொஞ்சம். பதினைந்து இருபது பங்கு வித்தியாசம் இருக்கும். ஃபெரெட்டுக்கு வேண்டியதோ இரண்டும் ஏறக்குறைய சமம், சுண்ணாம்பு ஒரு கை கூடுதலாக. சதையை மட்டுமே மாதக்கணக்கில் தின்றால், ரத்தத்தில் சுண்ணாம்பு குறையாமல் காப்பதற்காக உடம்பு தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். முதலில் நடை மாறும், குதிக்கத் தயங்கும், பிறகு சின்ன இடத்திலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியும். "நல்ல கறிதானே டாக்டர் கொடுத்தோம்" என்று சொல்லிக்கொண்டு எக்ஸ்ரேயோடு வருகிறவர்களை நாய், பூனை விஷயத்தில் நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். காட்டில் ஊனுண்ணி ஒன்று இரையைப் பிடித்தால் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவதில்லை. எலும்பு, ஈரல், இதயம் என்று எல்லாவற்றையும் தின்கிறது. நாம் கடையில் வாங்கினாலும் அந்த முழு இரையைத்தான் திரும்பச் சேர்த்துக்கொடுக்கவேண்டும்.

அளவு சொல்கிறேன். உங்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிராம் பிடிக்கும். ஆணுக்கு 90, 100, பெண்ணுக்கு 50, 60. பெண் இளசு, கேட்டால் கூடவே கொடுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் அதில் கோழி ரெக்கை கால் கிலோ. ரெக்கையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எலும்பு என்பதால் மொத்தத்தில் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு எலும்பு சேர்ந்துவிடும். இதயம் 150 கிராம். டாரின் என்ற சத்து அதில் அதிகம், அது குறைந்தால் ஊனுண்ணிகளின் இதயத்தசையும் கண்ணும் பழுதாகும். ஈரல் 50 கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஈரல் என்றால் ஃபெரெட்டுக்குக் கொள்ளை ஆசை, ஆனால் அதிகமானால் அதிலுள்ள வைட்டமின் ஏ உடம்பில் தேங்கி அதுவே நஞ்சாகும். ஆட்டுக் குண்டிக்காய் அல்லது சுவரொட்டி இன்னொரு 50. மீதி அரைக் கிலோ சதை. மார்புக்கறியைவிடத் தொடைக்கறி நல்லது. கொழுப்பும் டாரினும் அதில்தான் கூடுதல். இந்தக் கணக்கு ஒவ்வொரு வேளையும் கிராம் சுத்தமாக வரவேண்டியதில்லை, வாரக் கடைசியில் கூட்டிப்பார்த்தால் சரியாக இருந்தால் போதும். கோழியிலேயே நிற்காமல் இடையிடையே ஆடு, காடை என்று மாற்றுங்கள். பண்ணைக் காடை முழுசாக ஒன்று, இறகு நீக்கி, தலையோடு கிடைத்தால் ஃபெரெட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு நம் கடைகளில் இல்லை.

எலும்பு கடிக்கப் பழகும்வரை என்ன செய்வது? முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாகப் பொடித்து, துணியில் சலித்து, அரைக் கிலோ சதைக்கு அரைத் தேக்கரண்டி கலந்துகொள்ளுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். வேகவைத்த எலும்பு ஒருபோதும் கூடாது. வெந்தால் எலும்பு நொறுங்கி ஊசியாகக் குடலைக் குத்தும். ஆட்டுக்கால் எலும்பும் வேண்டாம், பல் உடையும்.

சரி, ஆணை எப்படிப் பழக்குவது? ஃபெரெட் முதல் ஆறு மாதத்தில் எதை எதைத் தின்றதோ அதுதான் சாப்பாடு என்று மனதில் எழுதிக்கொள்ளும். அதற்குப் பிறகு புதிதாக எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அதன் கணக்கில் அது உணவே இல்லை. அடம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஆண் கறியை ஒளித்துவைத்ததே நல்ல அறிகுறி. கிடைத்ததை எடுத்து ஒளித்துவைப்பது ஃபெரெட்டின் பிறவிக்குணம், செருப்பு, சாவி எல்லாமே அதில் அடங்கும். ஆனாலும் ஏதோ ஒரு மூலையில் இது பொருட்படுத்தத்தக்கது என்று பட்டிருக்கிறது.

அதற்கு மணம்தான் சாவி. தொடைக்கறியை வழுவழுவென்று அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கஞ்சிப் பதத்தில் கரையுங்கள். உடம்புச் சூட்டுக்கு இருந்தால் போதும், கொதிக்கவேண்டாம். பழகிய தீவனத்தை மாவாக்கி அதில் நிறையக் கலந்துவிடுங்கள். முதல் நாட்களில் தீவனம் முக்கால், கறி கால். விரலில் தொட்டு உதட்டில் மெல்லத் தடவினால் நக்கிப்பார்க்கும். முகம் சுளித்துத் தரையில் வாயைத் தேய்த்தால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளை பார்க்கலாம். வலுக்கட்டாயமாக வாயைத் திறந்து ஊட்டினால் அந்த மணத்தையே வெறுத்துவிடும், பிறகு மீட்பது கஷ்டம். நக்கத் தொடங்கியதும் நாலைந்து நாளுக்கு ஒரு தடவை தீவனத்தைக் கொஞ்சம் குறைத்துக் கறியைக் கூட்டுங்கள். கஞ்சி கெட்டியாகட்டும். அப்புறம் கொத்துக்கறி, அப்புறம் விரல் நுனி அளவு துண்டு, கடைசியாக ரெக்கை நுனி. இத்தனை நாளும் உலர் தீவனக் கிண்ணம் அதன் இடத்திலேயே இருக்கவேண்டும், எடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் பிடித்தாலும் ஆச்சரியமில்லை. பெண் இரண்டு வாரத்தில் மாறிவிடலாம். அதைப் பார்த்து ஆணும் கற்றுக்கொள்வது உண்டு, ஆனால் ஒரே கிண்ணத்தில் வைத்தால் சண்டைதான் வரும்.

வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்து எழுதிவையுங்கள். ஆண் 1350 கிராமுக்குக் கீழே இறங்கினால் மாற்றத்தை நிறுத்திப் பழைய தீவனத்துக்கே போய்விட்டு மருத்துவரைப் பாருங்கள். வெயில் காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். மார்ச் முதல் மே வரை அவற்றுக்குப் பசியே குறைவாக இருக்கும், கறியும் கிண்ணத்தில் நிற்காது. ஜூன் மழை வந்து வீடு குளிர்ந்த பிறகு ஆரம்பிப்பது உத்தமம்.

ஒளித்துவைக்கும் பழக்கத்துக்கு ஒரே மருந்து, கறி கொடுக்கும்போது கூண்டிலேயோ காலியான குளியலறையிலேயோ அடைத்து, பழைய துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் வைப்பது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் பச்சைக்கறி வெளியே இருக்கக்கூடாது. தின்றது போக மீதியை எடுத்து எறிந்துவிடுங்கள்.

மீன் பற்றி. கடற்கரைக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. குளச்சலில் படகு வந்தால் சாளை மலிவு, பூனைக்குப் போடுகிறோமே, இதற்குப் போட்டால் என்ன என்று. பச்சைச் சாளை, நெத்தலி இனங்களில் தயாமினேஸ் என்ற ஒரு நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். வாரக்கணக்கில் அதையே தின்றால் பசி போய், கழுத்து தொங்கி, நரம்புக் கோளாறாகிவிடும். வேகவைத்தால் அந்த நொதி அழியும், உண்மைதான். ஆனால் எண்ணெய் மீனே பிரதான உணவானால் உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி வீங்கும் நோய் இன்னொரு பக்கம் காத்திருக்கிறது. ஃபெரெட்டின் உறவினமான மிங்க் பண்ணைகளில் நன்கு அறிந்த நோய் அது. வாரத்தில் ஒரு நாள், முள்ளெடுத்து வேகவைத்த துண்டு ஒன்று, ருசிக்கு. அதற்கு மேல் மீனை நம்பாதீர்கள்.

பன்றிக்கறி பச்சையாக வேண்டவே வேண்டாம். அதிலிருந்து தொற்றும் ஆஜெஸ்கி நோய் ஃபெரெட்டைக் கொன்றுவிடும். மாட்டுக்கறி நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும், சதையும் இதயமும் நல்லவையே. நுரையீரலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாட்டுக் காசநோய் ஃபெரெட்டுக்கும் தொற்றும்.

எலி பிடிக்கும் யோசனைக்கு வருவோம். வீட்டுக்காரர் சொல்வதில் வரலாறு இருக்கிறது. ஐரோப்பாவில் முயலையும் எலியையும் வளையிலிருந்து விரட்டத்தான் ஃபெரெட்டை வளர்த்தார்கள். ஆனால் இன்று நம் ஊரில் எலி இருக்கும் இடத்தில் எலிமருந்தும் இருக்கும். உங்கள் வீட்டில் வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் வைத்திருப்பார்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் ஃபெரெட்டும் போகும். எலிக்காய்ச்சல் வேறு. அதோடு ஷீட் அறையிலிருந்து தோட்டத்துக்குத் தப்பிப்போனால் திரும்பி வராது. கீரி என்று நினைத்து யாராவது அடித்தாலும் கேட்க ஆளில்லை. அக்கம்பக்கத்தில் கீரி வளர்க்கிறார்கள் என்று புகார் போவதும் நடக்கக்கூடியதே. கீரி, மரநாய் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வளர்ப்பது குற்றம். வாங்கியபோது கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வெறி ஏறுமா என்று உங்கள் மாமியார் கேட்டதற்கு: ஏறாது. உணவில் ரத்தம் இருப்பதால் எந்த விலங்கின் குணமும் மாறுவதில்லை. ஆனால் கறியோடு இருக்கும்போது அதைப் பிடுங்கப்போனால் கடிக்கும், அது தன் பங்கைக் காப்பதுதான். கறி மணக்கும் விரலையும் கறி என்று நினைத்துக் கவ்வும். ஆகவே பையன் அந்த நேரத்தில் பக்கத்தில் வரக்கூடாது. மாமியாரின் பயத்துக்குக் காரணம் தவறு, முடிவு சரி.

பையனை நினைத்துத்தான் நானும் முழுப் பச்சை உணவுக்குத் தயங்குகிறேன். பச்சைக்கோழியில் சால்மொனெல்லா, கம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் சாதாரணமாக இருக்கும். ஃபெரெட் தாக்குப்பிடித்துவிடலாம், ஆனால் அதன் கழிவிலும் வாயிலும் கிருமி இருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது பெரிய சீக்கு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே நாய், பூனைக்கு இத்தகைய உணவு வேண்டாம் என்று நிலைப்பாடு எடுத்துவிட்டது. ஃபெரெட் வளர்ப்பவர்கள் பலர் அதை ஏற்பதில்லை. நான் நடுவில் நிற்கிறேன். உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது: சதையையும் ஈரலையும் உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் சேர்த்தே கொடுங்கள். டாரின் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். சுண்ணாம்புக்கு முட்டை ஓட்டுத்தூள். ரெக்கையை மட்டும் பச்சையாக, வாரத்துக்கு மூன்று நாலு தடவை, கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து ஆறவைத்துக் கொடுக்கலாம். மேற்பரப்புக் கிருமி பெருமளவு போகும், முழுதும் போகாது. ரெக்கை தின்ற இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கழிவுத் தட்டை நீங்களே எடுங்கள். பையன் ஃபெரெட்டுக்கு முத்தம் கொடுப்பது நிற்கட்டும். தீவனத்தில் கால் பங்கையாவது நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போதும் கரண்ட் போய் ஃபிரீசர் உருகும் மழை நாட்களிலும் அதுதான் கைகொடுக்கும். உருகி இளகிய கறியைத் திரும்ப உறையவைக்காதீர்கள். ஃபிரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்ற நம்பிக்கையும் வேண்டாம், அது தூங்கும், அவ்வளவுதான்.

ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால், கேரள எல்லையான களியக்காவிளையில் சோதனை தொடங்கும் அன்றே உங்கள் வீட்டிலும் பச்சைக்கோழி நிற்கவேண்டும். ரெக்கையும் சேர்த்துத்தான். அந்த வைரஸ் ஃபெரெட்டை எளிதில் பிடிக்கும். 2024 கடைசியில் நாக்பூர் மீட்பு மையத்தில் புலிகள் இறந்தது இதே வைரஸால்தான். மனிதக் காய்ச்சலும் அப்படியே. 1933இல் லண்டனில் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளுக்குத் தொற்றவைத்துத்தான். உங்களுக்குச் சளிக்காய்ச்சல் என்றால் அந்த வாரம் வேறு யாராவது தீனி வைக்கட்டும்.

மாற்றத்தின்போது கழிவைக் கவனியுங்கள். இறைச்சிக்கு மாறினால் அளவு குறைந்து கருமை கூடும், நாற்றமும் குறையும். வெளுத்துப் பொடிப்பொடியாக வந்தால் எலும்பு அதிகம், ரெக்கையைக் குறையுங்கள். ஓரிரு நாள் பச்சை நிறத்தில், கொழகொழவென்று போவது புது உணவால் இருக்கலாம். அதற்கு மேல் நீடித்தாலோ, தார் போலக் கறுத்து ஒட்டினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்தாயிற்றா? செய்யாமலும் இணை சேராமலும் இருந்தால் பெண் ஃபெரெட் இணைசேரும் பருவத்திலிருந்து தானாக இறங்காது. ஹார்மோன் மாதக்கணக்கில் சுரந்து எலும்பு மஜ்ஜையையே அழித்துவிடும், ரத்தசோகையில் இறந்துபோகும். பிறப்புறுப்பு வீங்கியிருக்கிறதா, வாலில் முடி கொட்டுகிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆணைச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது அவளையும் கூட்டிக்கொண்டுபோய், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி பற்றியும் அங்கேயே பேசிவிடுங்கள். எந்த ஊசி ஃபெரெட்டுக்குப் போடலாம் என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்கவேண்டும், நாய்க்குப் போடுவதை எல்லாம் இதற்குப் போட்டுவிட முடியாது.